விருந்தாளிக்குக் கலர்: தென்காசி வட்டாரத்தில் நுரைக்கும் பானங்களின் வரலாறு

ஐரோப்பிய நாடுகளில் வீட்டுக்கு நண்பர்களை அழைத்து, நுரை பொங்கும் திராட்சை மதுவைக் குளிரவைத்துப் பரிமாறி, ஒவ்வொரு வகையையும் சுவைத்து ஒப்பிடுவது ஒரு விருந்து முறை. பிரான்சின் ஷாம்பெயின் இதில் பேர்போனது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் அப்படி ஒரு வழக்கம் வேரூன்றவில்லை. ஆனால் வந்தவருக்கு நுரைக்கும் பானம் ஒன்றைத் திறந்து கொடுத்து மரியாதை செய்யும் பழக்கம் இங்கு உண்டு. அந்தப் பானத்தின் பெயர் கலர். "கலர் சாப்பிடுதியளா, காப்பி போடட்டுமா?" என்ற கேள்வி இப்பகுதியின் திண்ணைகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வருவது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால், மரத்திலிருந்து இறக்கிய கள், வெள்ளைக்காரர் கொண்டுவந்த சோடா, மதுவிலக்குச் சட்டம், ஆற்றுத் தண்ணீர் என நான்கு தனித்தனிக் கதைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பது தெரியும்.

பனைமரத்து நுரை

வெளிநாட்டு மதுவைச் சுவைப்பது தமிழருக்கு நேற்று வந்ததல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் பெண்கள் தர அருந்தி வாழுமாறு, இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாடலில் உள்ளது. மது, எண்ணெய் முதலியவற்றை ஏற்றிவந்த ஆம்போரா என்னும் இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டிலும், பாண்டியர் துறைமுகமான அழகன்குளத்திலும் கிடைத்துள்ளன. ஆனால் அது அரசனின் மாளிகையோடு நின்ற பானம். குடியானவனின் நுரை பனைமரத்தில் இருந்தது.

பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிப்பான சாறு சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். நுரை எழும்பும், புளிப்பேறும். அதுதான் கள். ஷாம்பெயின் புட்டிக்குள் நடப்பதும் இதே வேதிவினைதான். அங்கு புட்டியை இறுக மூடி வாயுவை உள்ளேயே சிறைவைக்கிறார்கள். கலயத்துக்கு மூடி இல்லாததால் இங்கு வாயு வெளியேறிவிடுகிறது. வேறுபாடு அவ்வளவே. ஒரு கை சுண்ணாம்பு, குழந்தைக்குக் கொடுக்கும் பானத்தையும் சட்டம் தடுக்கும் பானத்தையும் பிரிக்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் பனையேறிகளில் பெரும்பாலோர் இறக்கியது கருப்பட்டி காய்ச்சுவதற்கான பதநீரே. கள் இறக்கப்பட்டாலும் அது வீட்டுத் திண்ணையில் வைத்து விருந்தாளிக்கு நீட்டும் பொருளாக ஆகவில்லை. கள்ளுக்கடை ஊருக்கு வெளியே இருந்தது. அங்கு போவது ஆண்களின் பழக்கம். திரும்பி வருவது பெரும்பாலும் பெண்களின் துயரம். ஆகவே நுரைக்கும் பானம் இங்கே பழைய பொருளாக இருந்தும், வீட்டு வாசலைத் தாண்டி மதிப்போடு உள்ளே வர அதற்கு வேறொரு வடிவம் வேண்டியிருந்தது.

குற்றாலத்துப் பங்களாக்களும் விலாயத்தித் தண்ணீரும்

அந்த வடிவம் கடல் கடந்து வந்தது. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்கு அருகில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கும் வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். அந்தத் தண்ணீர் நாக்கில் சுறுசுறுவென்று இதமாக இருந்தது. செய்முறையை 1772இல் சிறு நூலாக வெளியிட்டார். ஜெனீவாவில் 1783இல் யாக்கோபு ஷ்வெப் அதைத் தொழிலாக்கினார். போதையே இல்லாத நுரை அப்படிப் பிறந்தது. பிறந்த இடம் மது ஆலை என்பது வேடிக்கை.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் மது மேசையில் இந்தச் சோடாவையும் சேர்த்துக்கொண்டனர். பிராந்தியில் சோடா ஊற்றிக் குடிப்பது அவர்களின் அன்றாடமாயிற்று. வட இந்தியப் பணியாளர்கள் இதை விலாயத்தித் தண்ணீர், அதாவது சீமைத் தண்ணீர் என்ற பொருளில் குறிப்பிட்டதை 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி பதிவு செய்கிறது.

குற்றாலம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்து ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்விடம். கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை என்றாலும், ஆனி ஆடியில் மலையிடைக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று ஊரைக் குளிரவைத்துவிடும். கம்பெனியார் இங்கே சாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் இந்த மலையில் செடிகள் சேகரித்தார். அவர்கள் தங்கிய பங்களாக்களில் விருந்துகள் நடந்தன.

நுரைக்கும் மதுவுக்கு முதல் தேவை குளிர்ச்சி. கரியமில வாயு குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையும், சூடேறினால் வெளியேறும். ஒரு லிட்டர் தண்ணீரில், சாதாரணக் காற்றழுத்தத்தில், உறைநிலைக்கு அருகில் ஏறத்தாழ 3.3 கிராம் வாயு கரைகிறது. 25 டிகிரி வெப்பத்தில் அதில் பாதிக்கும் குறைவே கரைகிறது. சென்னைக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்திறங்கியது. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அத்தகைய வசதி இல்லாத உள்நாட்டு ஊர்களில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைப்பதும், வெடியுப்புக் கரைசலில் புட்டியை அமிழ்த்துவதும்தான் வழி. இதற்கென்றே ஆப்தார் என்ற பணியாளர் பெரிய வீடுகளில் இருந்தார். விருந்தைச் சுவைத்தவர்களின் பெயர்கள் குறிப்பேடுகளில் உள்ளன. புட்டியைக் குளிரவைத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

கோலி சோடா

சோடாவை மக்களிடம் கொண்டுவந்தது தண்ணீரல்ல, புட்டி. கார்க் அடைப்பான் காய்ந்தால் சுருங்கும், வாயு கசிந்துவிடும். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். புட்டியின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாயின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம். நிரப்பிய புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கோலி வாய்க்கு ஓடி வரும். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே அதை வளையத்தோடு சேர்த்து இறுக்கிவிடும். பானமே தன் மூடியைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு இது. தனியாக மூடி வேண்டாம், கம்பி வேண்டாம்.

மேலை நாடுகளில் உலோக மூடி வந்ததும் இந்தப் புட்டி மறைந்தது. தமிழ்நாட்டில் அது நூறாண்டு தாண்டியும் ஓடியது. காரணம் எளிது. ஒரு கையால் சுற்றும் எந்திரம், ஒரு வாயு உருளை, சில நூறு புட்டிகள், நல்ல கிணறு ஆகியவை இருந்தால் ஒரு சிறு முதலாளி சோடா கம்பெனி தொடங்கிவிடலாம். புட்டியில் சர்க்கரைப் பாகையும் எசன்சையும் முதலில் ஊற்றித் தண்ணீர் நிரப்பி, இரும்புக் கூண்டில் பொருத்தி வாயுவை ஏற்றிச் சுழற்றுவார்கள். சுழலும்போது கோலி தானாக வாயை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடிப் புட்டி வெடித்தால் கண்ணாடி தெறிக்கும் என்பதால்தான் கூண்டு. அப்படியும் கையிலும் முகத்திலும் தழும்பு வாங்கிய சோடாத் தொழிலாளர்கள் உண்டு.

திறப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். கட்டைவிரலாலோ மரக்குமிழாலோ கோலியை அழுத்தினால் புஸ்ஸென்ற ஓசையோடு அது கழுத்துக்குள் விழும். கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். அந்தப் பக்கம் கீழே வருமாறு சாய்த்தால் கோலி பள்ளத்தில் தங்கி வழிவிடும். தெரியாதவர் மறுபக்கமாகச் சாய்த்தால் கோலி ஓடிவந்து வாயை அடைத்துவிடும். புது மாப்பிள்ளையைச் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

வாயில் உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் தமிழ் வழக்கத்துக்கு இந்தப் புட்டி தோதாக அமைந்தது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்து மனிதரைப் பிரித்த காலம் அது. சோடாப் புட்டியோ காலியானதும் கம்பெனிக்குத் திரும்பிப் போய், கழுவி நிரப்பப்பட்டு, அடுத்து யார் கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாத பொருள். தீண்டாமையை அது ஒழித்துவிடவில்லை. ஆனால் அதன் கணக்குக்கு அடங்காமல் ஊர் சுற்றியது.

பொதுக்கூட்ட மேடையில் பேச்சாளருக்குத் தொண்டை காயும்போது சோடா உடைத்துக் கொடுப்பது தமிழக அரசியலின் அடையாளங்களில் ஒன்று. அதே கூட்டத்தில் கலவரம் மூண்டால் பறந்ததும் சோடாப் புட்டிதான்.

வீட்டுக்குள் வந்த கலர்

நிறமும் இனிப்பும் சேர்த்த சோடாவே கலர். ஆரஞ்சு, எலுமிச்சை, இஞ்சி, திராட்சை, பன்னீர் என்று வகைகள். எந்தச் சுவையானாலும் பொதுப்பெயர் ஒன்றே. வெறும் சோடா வயிற்று மந்தத்துக்கு மருந்து, கலர் மரியாதை என்று வீடுகளில் ஒரு பிரிவினை இருந்தது. எலுமிச்சையும் உப்பும் போட்ட சோடாவை யாரும் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் கலரை வாங்கி வைக்க முடியாது. விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு, வீட்டுப் பையன் ஒருவன் காசோடு பின்வாசல் வழியாகக் கடைக்கு ஓடுவான். வந்தவருக்கு அது தெரியும், தெரியாததுபோல் பேசிக்கொண்டிருப்பார். "எதுக்கு இதெல்லாம்" என்று ஒருமுறை மறுப்பார். கடையில் பனிக்கட்டிப் பெட்டியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ கிடந்த புட்டி ஈரம் சொட்ட வந்து சேரும். புட்டியின் விலை உள்ளிருக்கும் பானத்தின் விலையை விட அதிகம் என்பதால், கடைக்காரர் முன்பணம் வாங்குவார் அல்லது எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வார். விருந்தாளி குடித்து முடிக்கும் வரை பையன் கதவோரம் நிற்பான். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுப்பது அவன் பொறுப்பு. அடியில் மிஞ்சிய இரண்டு மடக்கு அவன் கூலி.

விருந்தாளிகள் நாலு பேர், கையில் இருக்கும் காசு இரண்டு புட்டிக்கு என்றால் வீட்டுக்காரியின் கணக்கு தொடங்கும். கலரை டம்ளரில் ஊற்றிப் பகிர்ந்தால் நுரை பொங்கி அளவு நிறைவாகத் தெரியும். வீட்டிலிருப்பவர்களுக்கு அன்று கலர் இல்லை. விருந்தோம்பலின் அளவுகோல் வந்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதாகவே எழுதப்படுகிறது. கொடுத்துவிட்டு எதைத் தாங்கள் குடிக்கவில்லை என்பதும் அதில் சேர வேண்டும்.

சுவைக்கும் அளவுகோல்களும் இருந்தன. மூக்கில் ஏறுகிறதா, நாக்கில் சுர்ரென்று பிடிக்கிறதா, குடித்தபின் ஏப்பம் வருகிறதா என்பவையே அவை. தண்ணீரில் கரைந்த வாயுவில் ஒரு பகுதி கரியமில அமிலமாகி நாக்கில் உறைப்புப் போன்ற உணர்வைத் தூண்டுகிறது. குமிழி வெடிப்பதால் மட்டும் வருவதல்ல அந்தச் சுர். எந்தக் கம்பெனிச் சோடாவில் கேஸ் நிற்கிறது, எந்த ஊர்த் தண்ணீர் உப்புக் கரிக்காது என்பதெல்லாம் ஊரார் விவாதித்த விஷயங்கள்.

மதுவிலக்கும் ஒரு எல்லைக்கோடும்

1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கலால் வருமான இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி பிறந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. நுரைக்கும் பானம் என்றால் சோடாவும் கலரும் மட்டுமே என்ற நிலை சட்டப்படி உருவானது அப்போதுதான்.

ராஜாஜிக்கும் குற்றாலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் குடியேறி வாழ்ந்தார். ராஜாஜி, கல்கி முதலியோர் அங்கு வந்து தங்கினர். தமிழகத்தில் வீட்டுக்கு அழைத்துச் சுவைக்கவைத்த விருந்து என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், டி.கே.சி.யின் வீட்டுக் கூட்டத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொண்டு, சொல் சொல்லாக நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பார்கள். இலையில் விழும் பதார்த்தத்துக்கும் அதே கவனம் இருந்தது. மது அங்கே தேவைப்படவில்லை. டி.கே.சி. 1954இல் காலமானார்.

தென்காசியிலிருந்து சில கல் தொலைவில் இருக்கும் செங்கோட்டை அந்தக் காலத்தில் வேறு அரசு. அது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதுவரை ஒரே வட்டாரத்து மக்கள் குடிக்கும் பானத்தை இரண்டு அரசுகளின் சட்டங்கள் ஆண்டன. எல்லை பின்னர் புளியரைக்கு அப்பால் மலைக்கு நகர்ந்ததே தவிர, வேறுபாடு மறையவில்லை. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தது, 1974இல் மீண்டும் இறுகியது, 1981இல் கள்ளும் சாராயமும் திரும்ப வந்தன, 1987 தொடக்கத்தில் இரண்டும் தடைசெய்யப்பட்டன. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்கிறது. ஆக இன்று மலைக்கு மேற்கே கேரளத்தில் கள் உரிமம் பெற்ற கடையில் கிடைக்கும்; கிழக்கே அதே பனை, தென்னையிலிருந்து இறக்கினால் குற்றம். ஆலையில் செய்த மதுவை விற்கும் அரசு மரத்துக் கள்ளை மட்டும் தடுப்பது ஏன் என்று பனைத் தொழிலாளர்கள் கேட்பதற்கு நேரான பதில் கிடைத்தபாடில்லை.

திராட்சை வாசம்: காளிமார்க்கும் அதன் போட்டியாளர்களும்

1916இல் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் விருதுநகரில் (அன்றைய விருதுபட்டி) தொடங்கிய காளிமார்க், தென் மாவட்டங்களின் சோடாத் தொழிலில் நிலைத்த பெயராயிற்று. 1950களின் இறுதியில் அந்நிறுவனம் கொண்டுவந்த பொவண்டோ திராட்சைச் சுவையை அடிப்படையாகக் கொண்டது. கருஞ்சிவப்பு நிறம், திராட்சை வாசம், பொங்கும் நுரை என்று நுரைக்கும் திராட்சை மதுவின் அடையாளங்கள் எல்லாம் அதில் உண்டு, போதை ஒன்றைத் தவிர. இந்தியாவிலேயே உண்மையான நுரை மது 1980களில் மகாராட்டிரத்தின் நாராயண்காவில் தயாராகி, ஒமர் கய்யாம் என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போனது. தென்காசியின் கல்யாண வீடுகளில் அதற்கும் முன்பே கருஞ்சிவப்பு நுரை டம்ளர்களில் பொங்கிக்கொண்டிருந்தது.

கோகோ கோலா 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறியதும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1990இல் பெப்சியும் 1993இல் மீண்டும் கோகோ கோலாவும் வந்தன. பிளாஸ்டிக் புட்டி வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரருக்குப் பெரிய நிறுவனங்கள் குளிர்சாதனப் பெட்டியையே கொடுத்தன, அதில் தங்கள் சரக்கை மட்டும் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சிறு சோடா கம்பெனிகள் பல மூடப்பட்டதில் சுவைக்குப் பங்கு குறைவு. குளிர்ந்த இடம் யார் கையில் என்பதே கேள்வி. ஆப்தார் காலத்திலிருந்து இந்தப் பானத்தின் கதையில் குளிர்ச்சியே அதிகாரமாக இருந்து வருகிறது.

அடுத்தது தண்ணீர். குற்றாலத்து அருவிகளின் நீரைச் சுமக்கும் சிற்றாறு, தென்காசி வழியே கிழக்கே ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்தத் தாமிரபரணி நீரைக் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்திலுள்ள குளிர்பான ஆலைகளுக்கு வழங்குவதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. உழவுக்கும் குடிநீருக்கும் தட்டுப்பாடு இருக்கும் ஆண்டில் கோலாவுக்கு எதற்கு ஆற்று நீர் என்பது வழக்கின் சாரம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது.

2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மற்ற ஊர்களிலும் திரண்ட இளைஞர்கள் அயல்நாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்கும் முழக்கத்தையும் எழுப்பினர். வணிகர் சங்கங்கள் அதை ஏற்று, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோகோ கோலா விற்பதில்லை என அறிவித்தன. கடைகளில் பொவண்டோவும் கோலி சோடாவும் முன்வரிசைக்கு வந்தன. மறுநாள், மார்ச் 2 அன்று, நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து இடைக்காலத் தடையை நீக்கியது. ஆலைகளுக்கு மீண்டும் தண்ணீர் கிடைக்க வழி திறந்தது.

அதே ஆண்டு ஜூலை 1இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, இனிப்பூட்டிய காற்றேற்றிய பானங்களுக்கு 28 விழுக்காடு வரியும் அதன்மேல் 12 விழுக்காடு கூடுதல் தீர்வையும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டும் சேர்ந்து ஒரே வரியாக 40 விழுக்காடு ஆகியுள்ளது. பன்னாட்டு நிறுவனத்தின் கோலாவுக்கும் உள்ளூர்க் கம்பெனியின் ஆரஞ்சுக் கலருக்கும் விகிதம் ஒன்றுதான்.